மூன்றரைக் கட்டை ஏன் இல்லை?



பிழைப்புக்காகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்ட தேனி மாவட்டத்துக் குடும்பங்களில், விடுமுறைக்கு ஊர் போனால் ஒருமுறையாவது போடிமெட்டு ஏறாமல் திரும்புகிறவர்கள் குறைவு. முந்தலைத் தாண்டியதும் மலைச்சாலை தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். முதன்முறை ஏறும் பிள்ளைக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு பயம். இது எப்போது முடியும் என்று அம்மாவின் மடியில் முகம் புதைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து, "பதினொன்று, பன்னிரண்டு, இன்னும் ஐந்துதான் இருக்கிறது" என்று எண்ணுகிறது. சாலை அதே சாலைதான். எண்ணத் தெரிந்தபின் பயம் போய்விட்டது.

கிட்டார் கற்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் இப்படி ஒரு மலையடிவாரத்தில்தான் நிற்கிறார்கள். 'மியூசிக் தியரி' என்ற சொல்லைக் கேட்டதும், அது பியானோ வாசிக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது என்று எண்ணி ஒதுங்குகிறார்கள். உண்மையில் அது வளைவுகளை எண்ணக் கற்றுக்கொள்வதுதான். அந்தக் கணக்கின் முதற்படிகளை உங்கள் கையில் கொடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டிலடிக்குப் போன கிட்டார்

இந்தச் சம்பவம் உங்களுக்குப் புதிதாக இராது. நகரத்தில் ஆறு மாதம் வகுப்புக்குப் போய், ஜி, சி, டி, இ மைனர், ஏ மைனர் என்று ஐந்து கார்டுகளின் விரலிடங்களை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, மேட்டுக்கு அப்பால் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டக் குடியிருப்பில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு கூடுகை. "நம்ம தம்பி கிட்டார் வாசிப்பான்" என்று பெரியம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நாள் முழுவதும் ஏலக்காய் எடுத்துவிட்டு வந்த ஒரு தாயார், சுருதிப் பெட்டி எதுவும் இல்லாமல், தம் குரல் எங்கே நின்றதோ அங்கே பாட்டைத் தொடங்கிவிடுகிறார். நீங்கள் ஜி கார்டை வைத்து மீட்டுகிறீர்கள். பாட்டு ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். சி-யை வைத்துப் பார்க்கிறீர்கள், அதுவும் ஒட்டவில்லை. இரண்டாம் சரணத்தில் கையைத் தந்திகளின்மேல் வைத்து ஓசையை அடக்கிவிட்டு, கைதட்டத் தொடங்கிவிடுகிறீர்கள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பியபின் அந்தக் கிட்டார் கட்டிலுக்கு அடியில் போனது. பிறகு வெளியே வரவேயில்லை. திறமை இல்லாததால் நின்றுபோனவர்களைவிட, இப்படி ஒரு நாள் வெட்கப்பட்டு நின்றுபோனவர்களே நம்மிடையே அதிகம். அவர்களுக்குக் குறைவாக இருந்தது விரல்வேகம் அன்று. ஒரு சிறு கணக்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

பண்ணைப்புரத்திலிருந்து ஒரு பாடம்

போடியிலிருந்து தெற்கே தேவாரம் வழியாகப் போனால் வருவது பண்ணைப்புரம். 1943-இல் அங்கே பிறந்தவர் இளையராஜா. அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் மேடைப் பாடகர். 1958-இல் மலைக்கு மேலே தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது, தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் நடுவே பாவலர் பாடிய பாடல்கள் பெரிதும் பேசப்பட்டன. அண்ணனின் குழுவில் சிறுவயதிலேயே சேர்ந்த இளையராஜா, ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தே வளர்ந்தார். அப்போது அவருக்கு ஆசிரியர் அவருடைய செவிதான்.

1960களின் இறுதியில் சகோதரர்கள் சென்னைக்கு வந்தார்கள். ஊர்மேடைகளில் கைதட்டல் வாங்கிய, ஏறத்தாழ 25 வயது இளைஞர், மயிலாப்பூரில் இசை கற்பித்துவந்த தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவனாகச் சேர்ந்தார். மேல்நாட்டு இசையை எழுதவும் படிக்கவும் முதலிலிருந்து கற்றார். பியானோவும் கிட்டாரும் பயின்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். சலில் சௌத்ரியின் இசையில் கிட்டார் வாசித்தார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 'அன்னக்கிளி' 1976-இல்தான் வந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவர் எழுதிய சிம்பொனி அரங்கேறியதைச் செய்திகளில் கண்டிருப்பீர்கள்.

அவரைப்போல ஆகவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. "எனக்குத்தான் கேள்விஞானம் இருக்கிறதே" என்று அவர் நின்றுவிடவில்லை, "இந்த வயதில் அரிச்சுவடியா?" என்று கூசவும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் வேண்டிய பாடம் அவ்வளவே.

நம் வீட்டுக் கணக்கு

தியரி அந்நியமானது என்று நினைக்கிறீர்களா? உங்கள் தாத்தா காலத்திலிருந்தே அது நம் வீட்டில் இருக்கிறது. "அவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார்", "அந்த அம்மாவுக்கு ஐந்தரைக் கட்டை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது ஆர்மோனியத்திலிருந்து வந்த கணக்கு. வெள்ளைக் கட்டைகளில் சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை.

கவனித்தீர்களா? ஒன்றரை உண்டு, இரண்டரை உண்டு, மூன்றரை இல்லை. ஆர்மோனியத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது. ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. அந்த இரண்டு இடங்களிலும் சுரங்கள் ஏற்கெனவே அரைப்படி தூரத்தில் நெருங்கி நிற்பதே காரணம். இந்த ஒரு செய்தி புரிந்தால் தியரியின் வாசல் திறந்துவிட்டது.

இப்போது கிட்டாருக்கு வாருங்கள். ஏழு வெள்ளையும் ஐந்து கறுப்பும் சேர்ந்தால் பன்னிரண்டு. கிட்டாரிலும் ஒரு தந்தியில் பன்னிரண்டு ஃப்ரெட் ஏறினால் தொடங்கிய சுரத்துக்கே, மேல் ஸ்தாயியில் வந்து சேர்கிறீர்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே அதிர்வு இரட்டிப்பாகிறது. ஐந்தாம் தந்தியான ஏ நொடிக்கு 110 முறை அதிர்ந்தால், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 220. மேலே போகப் போக ஃப்ரெட்டுகள் நெருங்கி வருவதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு ஃப்ரெட்டும் மீதியுள்ள நீளத்தில் ஏறத்தாழ 18-இல் ஒரு பங்கைக் குறைக்கிறது.

ஒரு ஃப்ரெட் என்பது அரைப்படி. இரண்டு ஃப்ரெட் ஒரு முழுப்படி. தடித்த இ தந்தியில் ஒரே ஃப்ரெட் தள்ளினால் எஃப் வந்துவிடும். ஆனால் எஃப்-இலிருந்து ஜி-க்கு இரண்டு ஃப்ரெட் போகவேண்டும். மூன்றரைக் கட்டை இல்லாததை இனி உங்கள் விரலே சொல்லும்.

சரிகமபதநி: 2, 2, 1, 2, 2, 2, 1

மேஜர் ஸ்கேல் என்று வகுப்பில் சொல்வது வேறொன்றுமில்லை; நம் சங்கராபரண ராகத்தின் ஏழு சுரங்களே அதன் சுரங்கள். ஏதேனும் ஒரு தந்தியைத் திறந்தபடி மீட்டி, அதைச் 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 2, 4, 5, 7, 9, 11, 12 ஆகிய ஃப்ரெட்டுகளை வரிசையாக அழுத்துங்கள். ச ரி க ம ப த நி ச என்று வாய்விட்டுப் பாடுங்கள். ஃப்ரெட் இடைவெளிகள் 2, 2, 1, 2, 2, 2, 1, கூட்டினால் 12. எந்த இடத்தில் தொடங்கினாலும் இந்த இடைவெளிகள் மாறுவதில்லை. இந்த ஏழு எண்களைத் தொலைபேசி எண்ணைப்போல மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று சுரங்களின் கூட்டு

கார்டு என்பது ஒரே வேளையில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. ஸ்கேலில் ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது சுரங்களைச் சேர்த்தால் ஒரு கார்டு. சி, இ, ஜி சேர்ந்தால் சி மேஜர். கிட்டாரில் ஆறு தந்திகள் ஒலித்தாலும், இந்த மூன்று சுரங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

மேஜருக்கும் மைனருக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு ஃப்ரெட். 'ச'-விலிருந்து நடுச் சுரத்துக்கு நான்கு ஃப்ரெட் தூரம் இருந்தால் மேஜர். மூன்று ஃப்ரெட் இருந்தால் மைனர். முன்னது மலர்ச்சியாகவும் பின்னது உருக்கமாகவும் நம் செவிக்குப் படுகிறது.

ஸ்கேலின் ஒவ்வொரு சுரத்தின்மேலும் இப்படி ஒரு கார்டு கட்டினால் ஏழு பேர் கொண்ட குடும்பம் கிடைக்கும். ஒன்று, நான்கு, ஐந்து ஆகியவை மேஜர். இரண்டு, மூன்று, ஆறு ஆகியவை மைனர். ஏழாவது 'டிமினிஷ்டு' எனப்படும். தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம். சி குடும்பத்தில் சி, எஃப், ஜி மேஜர். டி, இ, ஏ மைனர். ஜி குடும்பத்தில் ஜி, சி, டி மேஜர். ஏ, பி, இ மைனர். நீங்கள் மனப்பாடம் செய்த ஐந்து கார்டுகளும் ஜி குடும்பத்து உறுப்பினர்களே என்பது இப்போது தெரிகிறதா? எளிய பாடல்களில் பெரும்பாலானவை முதல், நான்காம், ஐந்தாம் கார்டுகளிலேயே முடிந்துவிடும். இடையில் ஆறாவது வந்து போகும்.

மைனர் பாடலுக்கும் தனிக் குடும்பம் தேட வேண்டியதில்லை. ஏ மைனரும் சி மேஜரும் அதே ஏழு சுரங்களை உடையவை. ஏ-யில் தொடங்கினால் அது நடபைரவி. ஆனால் ஏ மைனர் பாடல்களில் இ மைனருக்குப் பதிலாக இ மேஜர் அடிக்கடி வரும். அங்கே ஜி அரைப்படி உயர்ந்து கீரவாணியின் சுரங்கள் தோன்றுகின்றன. 'இந்த இடத்தில் ஏன் இப்படி?' என்று குழம்பியவர்களுக்கு இதுவே விடை.

அந்தத் தாயாரின் சுருதி

இனி அந்தக் கூடுகைக்குத் திரும்பிப் போவோம். பாட்டு தொடங்கியதும் உடனே மீட்டாதீர்கள். பல்லவி முடிந்து பாட்டு இளைப்பாறுகிற சுரம் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுவே 'ச'. அதை மெல்ல முனகிக்கொண்டே, தடித்த ஆறாம் தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாகத் தொட்டுப் பாருங்கள். அத்தந்தியில் திறந்த நிலை இ, ஃப்ரெட் 1 எஃப், 3 ஜி, 5 ஏ, 7 பி, 8 சி, 10 டி. உங்கள் முனகலோடு ஒட்டுகிற இடம் கிடைத்ததும், அங்கிருந்து நான்கு ஃப்ரெட் மேலே உள்ள சுரம் பாட்டோடு இசைகிறதா, மூன்று ஃப்ரெட்டா என்று பார்த்தால் மேஜரா மைனரா என்பதும் தெரிந்துவிடும்.

பெண்களின் குரல் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டி நிற்கும். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. அந்தத் தாயார் தொடங்கியது ஐந்தரைக் கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நான்காம் ஃப்ரெட், ஜி ஷார்ப். நீங்கள் வாசித்ததோ ஐந்து கட்டையான ஜி. உங்களுக்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ஃப்ரெட் தூரம்! முதலாம் ஃப்ரெட்டில் ஒரு கேப்போவை மாட்டி, தெரிந்த அதே ஐந்து கார்டுகளை வாசித்திருந்தால் போதும்.

கேப்போ என்பது தந்திகள் எல்லாவற்றையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் சிறு கவ்வி. பாட்டு ஒன்றரைக் கட்டையானால் சி வடிவங்கள், கேப்போ 1. இரண்டரையானால் சி வடிவங்கள், கேப்போ 3. மூன்றானால் டி வடிவங்கள், கேப்போ 2. நான்கானால் டி வடிவங்கள், கேப்போ 3. ஆறரையானால் ஜி வடிவங்கள், கேப்போ 3. இந்த அட்டவணையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சி-யிலிருந்து, டி-யிலிருந்து, ஜி-யிலிருந்து எத்தனை அரைப்படி என்று எண்ணினாலே விடை வரும்.

கை எண்ணட்டும்

சுரத்தைப்போலவே தாளமும் எண்ணிக்கை. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை, மேல்நாட்டு முறையில் நான்கு நான்காக இரண்டு கட்டம். ரூபகத்தை மூன்று மூன்றாக எண்ணலாம். ஆறு எட்டு என்பது, மும்மூன்றாகப் பிரிந்த இரண்டு அடி. தாலாட்டுபோல அசைந்து வரும். புதிய பாடலுக்கு முதலில் கார்டு வேண்டாம். இடக்கையால் தந்திகளை அடக்கிக்கொண்டு வலக்கையால் தாளத்தை மட்டும் வாசியுங்கள். கார்டு தவறினால் ஒருவர் கவனிப்பார். தாளம் தவறினால் பாடுகிற எல்லாரும் தடுமாறுவார்கள்.

எங்கே அடக்கி வாசிக்க வேண்டும்?

கீர்த்தனைப் புத்தகங்களில் பாடலின் தலைப்புக்கு அருகே ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் அன்று, உங்களுக்கு வழிகாட்டி. மோகனம் என்றிருந்தால், சி-யை 'ச' என்று வைக்க, சி, டி, இ, ஜி, ஏ ஆகிய ஐந்தே சுரங்கள். அவற்றைக் கொண்டு முழுமையாகக் கட்டக்கூடிய மேஜர், மைனர் கார்டுகள் இரண்டே: சி மேஜர், ஏ மைனர். பழக்க தோஷத்தால் எஃப் மேஜரை நுழைத்தால் ராகத்தில் இல்லாத 'ம' உள்ளே வந்து, பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இப்படிப்பட்ட இடங்களில் குறைவாக வாசிப்பதே நிறைவு. தியரி எப்போது நிறுத்தவேண்டும் என்பதையும் கற்றுத்தருகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகள் கிரேடு தேர்வு எழுத விரும்பினால் ஒன்றை அறிந்திருங்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் வாசிப்புத் தேர்வுகளுக்குத் தியரித் தேர்வு கட்டாயமில்லை. ஏபிஆர்எஸ்எம் முறையில், ஆறாம் கிரேடு முதலான வாசிப்புத் தேர்வுகளுக்குமுன் ஐந்தாம் கிரேடு தியரி அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் தேர்வில் தேறியிருக்க வேண்டும். எந்த வழியானாலும், சான்றிதழுக்காக மூன்று பாடல்களை மட்டும் ஆண்டு முழுவதும் உருப்போடவைக்காதீர்கள். 'இது என்ன ஸ்கேல்? இது எத்தனையாவது கார்டு?' என்று வீட்டில் கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டாலும், விளக்கிச் சொல்லும் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

நான்கு வாரம், நாளுக்கு இருபது நிமிடம்

முதல் வாரம்: ஆறாம், ஐந்தாம் தந்திகளில் சுரங்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லித் தொடுங்கள்.

இரண்டாம் வாரம்: 2, 2, 1, 2, 2, 2, 1 வரிசையை ஒவ்வொரு தந்தியிலும் பாடிக்கொண்டே வாசியுங்கள்.

மூன்றாம் வாரம்: சி, ஜி, டி குடும்பங்களை ஒரு தாளில் நீங்களே கணக்கிட்டு எழுதுங்கள், புத்தகத்தைப் பார்த்து எழுதாதீர்கள்.

நான்காம் வாரம்: வீட்டில் ஒருவரை எந்தச் சுருதியிலாவது பாடச் சொல்லி, 'ச'-வைக் கண்டுபிடியுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் ஆகலாம். மாத இறுதியில் ஒரு பல்லவிக்குள் முடிந்துவிடும்.

இன்னொரு குறிப்பு. கீழே போடி வெயிலில் சுருதி சேர்த்த கிட்டார், மேட்டுக்கு ஏறியதும் மாறியிருக்கும். குளிரில் உலோகத் தந்தி சுருங்கி இறுகுவதால் சுருதி கூடும். மூடுபனியின் ஈரத்தை மரமும் இழுத்துக்கொள்ளும். ஆகவே பையிலிருந்து எடுத்ததும் வாசிக்காமல் சற்றுப் பொறுத்து, மறுபடி சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆம், அடுத்த விடுமுறைக்கு மலையேறும்போது கிட்டாரைக் கட்டிலடியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்றே சொல்கிறேன். பெரியம்மா இந்த முறையும் எல்லாரிடமும் சொல்லித்தான் வைத்திருப்பார். அந்தத் தாயார் தம் குரல் நிற்கிற இடத்தில்தான் பாட்டை எடுப்பார். நீங்கள் ஒரு கணம் தலைகுனிந்து கேட்டு, ஆறாம் தந்தியில் எண்ணி, கேப்போவை மாட்டி, அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்.